டெக்ஸ்சருக்கு மேலே இருந்த தண்ணீர்: கருங்கல் அருகே ஒரு வீட்டுச் சீலிங்கின் நிகழ்வு ஆய்வு

கருங்கல்லுக்கும் குளச்சலுக்கும் நடுவே, கடலிலிருந்து மூன்று கிலோமீட்டர் போல உள்ளே இருக்கும் வீடு. கீழும் மேலுமாக இரண்டு தளம். 2008-ல் வளைகுடாச் சம்பாத்தியத்தில் எழும்பியது. கட்டியவர் இப்போது இல்லை. அவருடைய மனைவி, ஓய்வுபெற்ற ஆசிரியை, கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறார். மகன் குடும்பத்தோடு தோஹாவில். மேல் அறைகள் வருடத்தில் ஒரு மாதம் திறந்தால் அதிகம்.

புகார் எளிமையானது: சீலிங்கில் போட்டிருந்த டெக்ஸ்சர் உதிர்கிறது. சாப்பிடும்போது தட்டில் விழுந்ததுதான் டீச்சருக்குப் பெரிய கோபம். மகனுக்கு அந்த விவரமெல்லாம் வேண்டாம். "நாலு ரூமுக்கும் ஜிப்சம் போர்டு அடிச்சு மூடிட்டா தீர்ந்துச்சுல்லா?" என்று வாட்சப்பில் கேட்டார். ஏற்கெனவே ஒரு கொட்டேஷனும் வாங்கி வைத்திருந்தார்கள். ஃபால்ஸ் சீலிங், ஸ்பாட் லைட், பெயிண்ட் என்று இரண்டு பக்கத்துக்கு இருந்தது. மாடி பாத்ரூமைப் பற்றியோ மொட்டை மாடியான மட்டப்பாவைப் பற்றியோ ஒரு வரி இல்லை. பழைய வீட்டு ரிப்பேர் வேலையே பார்க்கிறவனுக்கு, கொட்டேஷனில் இருப்பதைவிட இல்லாததில்தான் கண் போகும்.

அந்தச் சீலிங்கில் என்ன இருந்தது

வார்ப்புக்கு, அதாவது கான்கிரீட் தளத்துக்கு, அடியில் சிமெண்ட் பூச்சே கிடையாது. கான்கிரீட் மேல் நேராகப் பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்), நான்கு ஐந்து மில்லிமீட்டர். அது இறுகுவதற்கு முன்பே முள் பிரஷ்ஷால் குத்திக் குத்தி எழுப்பிய புள்ளி டெக்ஸ்சர். அதன் மேல் முதலில் டிஸ்டெம்பர், 2019-ல் ஒரு எமல்ஷன் பெயிண்ட்.

இந்தப் பக்கத்து வீடுகளில் டெக்ஸ்சர் சீலிங் பரவியதற்கு அழகு ஒரு காரணம்தான். இன்னொன்று ஷட்டரிங், அதாவது கான்கிரீட் இறுகும் வரை அடியில் தாங்கும் தகடுகள். தகடுகள் ஒரே மட்டத்தில் நிற்காவிட்டால் வார்ப்பின் அடிப்பக்கம் தகட்டுக்குத் தகடு படி விழும், எங்கேயாவது ஒரு வயிறு தொங்கும். பூச்சைத் தேய்த்துச் சமனாக்கும் மணியாஸ் கட்டையும் ரசமட்டமும் வைத்து அதைச் சமன் செய்ய நல்ல கொத்தனாரும் பொறுமையும் வேண்டும். மேடும் பள்ளமுமாக டெக்ஸ்சர் இழுத்துவிட்டால் அடியில் இருக்கும் மேடுபள்ளம் கண்ணுக்கே படாது. "டெக்ஸ்சர் போட்டா எல்லாம் மறைஞ்சிரும் சாரே" என்று பெயிண்டர்கள் சொல்வது சத்தியம். எல்லாமே மறையும். கசிவின் முதல் கறையும் முடி அளவு வெடிப்பும் சேர்த்து.

பிஓபி என்பது ஜிப்சம் கல்லைச் சூடாக்கி, அதற்குள் பிணைந்திருந்த நீரில் முக்கால் பங்கை விரட்டிய தூள். தண்ணீர் ஊற்றியதும் போன நீரைத் திரும்ப இழுத்துக்கொண்டு கல்லாகிவிடும். அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டியில் குழைத்து, கால் மணி நேரத்துக்குள் பூசி முடிக்கிறார்கள். சிமெண்ட் இறுகியபின் தண்ணீர் பட்டால் அதற்கு நல்லது. பிஓபிக்கு அப்படி இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 2 கிராம் ஜிப்சம் கரையும். நனைந்தால் பலத்தில் பாதி போய்விடும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் இருந்து வடகிழக்குப் பருவமழை என்று இரண்டையும் வாங்கிக்கொள்கிற மாவட்டத்தில், மேலிருந்து கசிவு இருந்தால் அந்தப் பூச்சு முழுதாகக் காய்வதற்கு தை, மாசி, பங்குனியைத் தவிர வேறு காலம் கிடைக்காது. நாங்கள் வேலையைத் தையில் தொடங்கியதற்கும் அதுதான் காரணம்.

அப்புறம், வார்ப்புத் தகட்டில் ஒட்டாமலிருக்கத் தடவும் எண்ணெய். தகட்டைக் கழற்றியதும் கான்கிரீட்டின் அடி கண்ணாடி போல வழவழப்பாக, எண்ணெய்ப் பசையோடு இருக்கும். அதைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, கழுவி, பூச்சு பிடிக்க உதவும் ஒட்டுப் பால் அடித்த பிறகே பூச வேண்டும். ஹால் சீலிங்கில் விழுந்த சில்லு ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பீங்கான் மாதிரி மழமழவென்று இருந்தது. கொத்திய தளத்தில் பூசியிருந்தால் அந்தப் பக்கத்தில் சிமெண்ட் மண்ணும் கொத்தின் அச்சும் ஒட்டியிருக்க வேண்டும்.

பார்த்த விதம்

எடுத்துப்போனது ஒரு டார்ச், மரப்பிடி போட்ட சின்னச் சுத்தியல், பென்சில், கெட்டியான பாலித்தீன் தாள், டேப். ஜன்னலைச் சாத்தி, லைட்டை அணைத்து, டார்ச்சைச் சீலிங்கோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் பகலில் தெரியாத வீக்கமும் வெடிப்பும் நிழலாக எழுந்து வரும். சுத்தியலின் பிடியால் ஓரடிக்கு ஓரடி தட்டிக்கொண்டே போனேன். நன்றாகப் பிடித்திருக்கும் இடம் 'டக்' என்று கெட்டியாகக் கேட்கும், விட்டுப்போன இடம் பொள்ளலாக ஒலிக்கும். பொள்ளல் இடங்களைப் பென்சிலால் வளைத்துக் குறித்தேன். கறைகளின் ஓரத்திலும் கோடு போட்டுத் தேதி எழுதினேன். வீட்டுக்காரர்களுக்கு முதலில் இது பிடிக்காது. "சுவரெல்லாம் கிறுக்கி வைக்கானே" என்ற பார்வை டீச்சரிடமும் இருந்தது, கணக்கு டீச்சராக இருந்தவர் என்பதால் தேதியைப் பார்த்ததும் சமாதானமாகிவிட்டார்.

கறையின் வடிவமே பாதி பதிலைச் சொல்லிவிடும். வட்டமாக, ஓரம் அழுத்தமாக, நடு வெளிறி இருந்தால் மேலே எங்கிருந்தோ தண்ணீர் வந்து காய்ந்து, மறுபடி வந்து காய்ந்திருக்கிறது. நேர்கோட்டில், அரையடிக்கு ஒன்றாகப் பழுப்பு வரிகள் ஓடினால் அது கம்பி. கருப்புப் புள்ளிகள் தூவினாற்போல மூலையில் அடர்ந்து, நடுவில் குறைந்திருந்தால் பூஞ்சை. இந்த ஒரே வீட்டில் மூன்றும் இருந்தன, வெவ்வேறு அறைகளில்.

பாலித்தீன் தாளை ஒன்றரை அடிச் சதுரமாக வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் போகாமல் டேப்பால் ஒட்டி, ஒரு முழு நாள் விட்டோம். கீழ்ப் படுக்கையறையில் தாளின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. அப்படியென்றால் ஈரம் கான்கிரீட்டுக்குள்ளிருந்து வருகிறது. மேலே தெற்கு அறையில் உள்பக்கம் காய்ந்தே இருந்தது. அங்கே ஈரம் அறைக் காற்றில்தான்.

கீழ்ப் படுக்கையறை: பாத்ரூமுக்கு அடியில்

வட்டக் கறை, அதைச் சுற்றி டெக்ஸ்சர் நனைந்த அப்பளமாய் மடங்கித் தொங்கியது. நகத்தால் கீறினால் மாவாக வந்தது. ஓரங்களில் வெள்ளை உப்புப் பூத்திருந்தது. நேர் மேலே மாடி பாத்ரூம், பள்ளம் விட்டு வார்த்து, செங்கல் ஜல்லி நிரப்பி, மேலே டைல்ஸ் போட்டது.

பாத்ரூம் என்று தெரிந்ததும் டைல்ஸை உடைக்கத் தொடங்குவதுதான் வழக்கம். அதற்கு முன் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும்: அழுத்தத்தில் தண்ணீர் வரும் குழாயா, தரையா, வடிகாலா. மேல்தொட்டியில் இருந்து வரும் வால்வைத் திறந்தே வைத்து, பாத்ரூமை இரண்டு நாள் யாரும் பயன்படுத்தவில்லை. பென்சில் கோட்டைக் கறை தாண்டவில்லை. குழாய் தப்பித்தது. அடுத்து வடிகால் துளையைத் துணி சுற்றிய கட்டையால் இறுக்கி அடைத்து, தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் விட்டோம். மட்டமும் குறையவில்லை, கறையும் நகரவில்லை. கட்டையைப் பிடுங்கி அத்தனை தண்ணீரையும் ஒரேயடியாக இறக்கிவிட்ட அன்று சாயங்காலமே கறை கோட்டைத் தாண்டி இரண்டு விரல் அளவு வளர்ந்திருந்தது. ஆக, குற்றவாளி, தரை வடிகாலில் பதிக்கும் கிண்ணமான நானி டிராப்பும் வடிகால் குழாயும் சேரும் மூட்டு.

டிராப்பைச் சுற்றி மட்டும் தோண்டினால் போதுமா என்று டீச்சர் கேட்டார். பள்ளத்தில் நிரப்பியிருந்த செங்கல் ஜல்லி முழுக்கத் தண்ணீர் குடித்திருந்தது. மூட்டை மட்டும் மாற்றினால் உள்ளே தேங்கியது மாதக்கணக்கில் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும், வேலை சரியில்லை என்று பெயர் வரும். ஜல்லியை மொத்தமாக அள்ளினோம். புதிய டிராப், இரண்டு கோட் நீர்த்தடுப்புப் பூச்சு, அதையே சுவரில் ஓரடி உயரத்துக்கு ஏற்றி விட்டு, மறுபடி தண்ணீர் கட்டி இரண்டு நாள் பார்த்த பிறகே டைல்ஸ்.

அதன்பின் கீழே ஒன்றும் செய்யவில்லை. ஈரத்தில் உப்பியதை மட்டும் சுரண்டி எடுத்து, ஃபேனைச் சுற்றவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்தோம். இந்தக் காத்திருப்புதான் வீட்டுக்காரர்களுக்கு மிகவும் கசக்கும் பகுதி. "பெயிண்டர் சும்மா இருக்கானே மக்கா, அடிச்சிட்டா என்ன?" பாலித்தீன் தாள் உள்பக்கம் வேர்க்காமல் வருகிற வரை அடிப்பதில் பலன் இல்லை. ஒரு மாதத்துக்குப் பக்கமாக ஆனது.

காய்ந்ததும் பழுது பார்த்த முறை: பொள்ளல் ஒலித்த எல்லை வரை முழுக்கச் சுரண்டி, பிடித்திருந்த பூச்சின் விளிம்பைச் சரிவாகத் தேய்த்தோம். பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் துடைத்தோம். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேயே போகும். வெறுமையான கான்கிரீட்டைக் கொத்தி, லேசாக நனைத்து, ஒட்டுப் பால் அடித்து, வெள்ளை சிமெண்ட் பட்டி இழுத்தோம். இந்தப் பட்டி இரண்டு கோட்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதைத் தாண்டினால் சுருங்கி வெடிக்கும். பள்ளம் அதைவிட ஆழமாக இருந்த இடங்களில் முதலில் மெல்லிய சிமெண்ட் கலவையால் நிரப்பி, காய விட்டு, பிறகே பட்டி.

மீதி டெக்ஸ்சரோடு ஒட்டு தெரியாமல் சேர்ப்பதில்தான் பெயிண்டரின் கைவேலை தெரிந்தது. கடையில் வாங்கிய பிரஷ் குத்தினால் புள்ளிகள் சின்னதாக, நெருக்கமாக வந்தன. பழையது பெரிய புள்ளி. அவர் தென்னந்தும்பை ஒரு கைப்பிடி எடுத்து, முனையைச் சமமாக வெட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டி ஒரு குச்சி செய்தார். ஒரு பழைய பிளைவுட் துண்டில் குத்திக் குத்திப் பார்த்து, தும்பைத் தளர்த்தியும் இறுக்கியும், புள்ளியின் அளவு ஒத்து வந்ததும், "இனி இதுல அடிக்கலாம் சாரே" என்றார். சேர்க்கும் விளிம்பில் நேர்கோடாக நிறுத்தாமல், பழைய டெக்ஸ்சருக்குள் அங்கங்கே கை நீட்டிப் போட்டார். இந்தமுறை கலவை பிஓபி இல்லை. அக்ரிலிக் டெக்ஸ்சர் பேஸ்ட். விலை கூடுதல், ஆனால் அடுத்த கசிவில் கரையாது.

நீர்க்கறை மேல் எமல்ஷனை எத்தனை கோட் அடித்தாலும் பழுப்பு மறுபடி மேலே வரும், கறை தண்ணீரில் கரைவது என்பதால். அதனால் கறை இருந்த இடத்தில் மட்டும் ஆயில் கலந்த பிரைமர் ஒரு கோட். கடைசிப் பெயிண்டைச் சுவருக்குச் சுவர் முழுச் சீலிங்குக்கும் அடித்தோம். ஒட்டுப்போட்ட இடத்துக்கு மட்டும் அடித்தால், நிறம் ஒன்றாக இருந்தாலும் பளபளப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

மேல் மேற்கு அறை: ஒக்கியின் போல்ட்டுகள்

இங்கேதான் பயம் இருந்தது. அரையடிக்கு ஒன்றாகப் பழுப்பு வரிகள், ஒரு வரியின் மேல் டெக்ஸ்சர் நீளமாகப் பிளந்து தொங்கியது. மட்டப்பாவில் ஏறிப் பார்த்தால் காரணம் நின்றுகொண்டிருந்தது. முன்பு அங்கே இரும்புக் கால் நட்டு ஷீட் கூரை போட்டிருந்தார்கள். 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது ஷீட் பறந்துவிட்டது. கால்களை அறுத்து எடுத்தவர்கள் அடித்தகட்டையும் போல்ட்டுகளையும் அப்படியே விட்டுவிட்டார்கள். புயலின் ஆட்டத்தில் தளர்ந்த போல்ட், மட்டப்பாவில் பதித்த தட்டோட்டையும் அதன் அடியில் இருந்த செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பையும் துளைத்து வார்ப்புக்குள் போகிற ஒரு குழாயாகவே வேலை செய்தது. 2019-ல் அடித்த பெயிண்ட் முதல் கறைகளை மூடியது, டெக்ஸ்சரின் நிழல் மிச்சத்தை மூடியது. 2021 நவம்பரில் மாவட்டமே வெள்ளக்காடானபோது வார்ப்பு ஊறிப்போய், கறை எல்லாவற்றையும் மீறி வெளியே வந்தது. பெயிண்ட் வெடித்ததும் அந்த மழைக்குப் பிறகுதான் என்று டீச்சர் சொன்னார்.

டெக்ஸ்சரைச் சுரண்டிப் பார்த்தால், கம்பிக்கு அடியில் கான்கிரீட் கவர், அதாவது கம்பியை மூடிக் காக்கும் கான்கிரீட்டின் கனம், சில இடங்களில் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. கம்பியை உயர்த்திப் பிடிக்கும் கவர் பிளாக்குக்குப் பதிலாக ஜல்லித் துண்டை வைத்து வார்த்திருக்கிறார்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456:2000 விதிப்படி சாதாரண இடத்திலேயே 20 மில்லிமீட்டர், உப்புக் காற்றிலிருந்து ஓரளவு மறைவான கடலோரப் பகுதியில் 30, நேரடியாகக் கடற்காற்றுக்கு ஆளாகும் இடத்தில் 45 மில்லிமீட்டர் வேண்டும். துரு பிடித்த இரும்பு, பிடிக்காத இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில்தான் கான்கிரீட் பிளக்கிறது. பிஓபி அதன் மேல் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பே இல்லை.

மேலே போல்ட்டுகளைச் சுற்றித் தட்டோட்டை எடுத்து, போல்ட்டைக் கான்கிரீட் மட்டத்துக்குக் கீழே அறுத்து, சுருங்காத சிமெண்ட் குழம்பு (கிரவுட்) நிரப்பி, நீர்த்தடுப்பு அடித்து, தண்ணீர் ஓடும் சரிவைச் சரிசெய்து மூடினோம். கீழே கம்பியைச் சுற்றி, அதன் பின்பக்கம் விரல் நுழைகிற அளவுக்குக் கொத்தி, கம்பிப் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தெடுத்து, துருத் தடுப்பு பிரைமர் அடித்து, பாலிமர் சேர்ந்த கலவையை இரண்டு மூன்று அடுக்காக நிரப்பினோம். ஓர் இடத்தில் மட்டும் கம்பி கண்ணால் பார்த்தாலே மெலிந்திருந்தது. அங்கே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருவர் வந்து பார்த்து, பக்கத்தில் கூடுதல் கம்பி கட்டச் சொன்னார். இந்த மாதிரி இடத்தில் பெயிண்டரும் நானும் மட்டும் முடிவெடுப்பது சரியில்லை.

இந்த அறைக்கு டெக்ஸ்சரும் இல்லை, ஜிப்சம் போர்டும் இல்லை என்று மகனிடம் சொன்னபோது கொஞ்சம் மனவருத்தம் வந்தது. வெறும் வெள்ளை எமல்ஷன் அடித்த சமதளச் சீலிங் அவருக்கு முடிக்காத வேலை மாதிரி தெரிந்தது. ஆனால் மூடிவிட்டால், அடுத்த கசிவு போர்டுக்கு மேலே குளம் கட்டும், கம்பி மறுபடி துருப்பிடிக்கும், போர்டு தொங்கும் நாள் வரை யாருக்கும் தெரியாது. 12.5 மில்லிமீட்டர் போர்டு ஒரு சதுர மீட்டருக்கு 8 முதல் 10 கிலோ வரை இருக்கும். தண்ணீர் குடித்தால் இன்னும் கனக்கும். தலைக்கு மேலே அது வேண்டாம். இரண்டு வருட மழை தாண்டட்டும், அப்புறம் பேசலாம் என்று முடிந்தது.

மேல் தெற்கு அறை

இது எளிது. வார்ப்பில் கசிவு இல்லை. ஜன்னல் மூடியே கிடந்த அறை, ஆனி ஆடி ஈரக் காற்று, டெக்ஸ்சரின் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் பதுங்கிய தூசி. பூஞ்சைக்குச் சாப்பாடும் தண்ணீரும் அங்கேயே கிடைத்தது. இந்த அறையில் டெக்ஸ்சரையே எடுத்துவிடலாம் என்று தீர்மானித்தோம். பூட்டிக் கிடக்கும் அறைக்கு, துடைக்க முடியாத சீலிங் எதற்கு?

முதலில் ஓரடி இடத்தில் சோதனை. தண்ணீர் தெளித்தால் எமல்ஷன் மேல் மணிமணியாக நின்று கீழே சொட்டியதே தவிர உள்ளே இறங்கவில்லை. அதனால் பட்டி பிளேடின் முனையால் புள்ளிகளின் தலையை மட்டும் சீவி, பிறகு தெளித்து, பத்து பதினைந்து நிமிடம் ஊற விட்டுச் சுரண்டினோம். ஊறியது நாக்கு நாக்காக உரிந்து வரும், தூசி பறக்காது. காயவைத்தே சுரண்டினால் அறை முழுக்க வெள்ளைப் புகை. ஜிப்சம் தூசியோடு பூஞ்சையும் சேர்ந்து மூக்குக்குள் போகும். முகமூடி, கண்ணாடி, தலையில் துண்டு, தரையில் தார்ப்பாய், லைட்டுக்கும் ஃபேனுக்கும் மெயின் ஆஃப். தெளித்த தண்ணீர் ஃபேன் பெட்டிக்குள் இறங்குவதைப் பலர் கவனிப்பதில்லை.

பூஞ்சைக்கு என்று பெயிண்ட் கடையில் கிடைக்கும் கொல்லி மருந்தை அடித்து, நன்றாகக் காய விட்டோம். சிலர் வீட்டிலேயே பிளீச்சிங் கரைசல் அடிக்கிறார்கள். அடிக்கட்டும், பாத்ரூம் கழுவும் ஆசிடோடு மட்டும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு வரும், சாத்திய அறையில் அது விளையாட்டில்லை. பிறகு இரண்டு கோட் பட்டி, உப்புத்தாள், பிரைமர், பூஞ்சை எதிர்ப்பு எமல்ஷன். பெயிண்டைவிடப் பெரிய மருந்து, டீச்சரின் தங்கச்சி மகள் வாரம் ஒருநாள் வந்து ஜன்னலைத் திறந்து விடுவது.

மகன் இந்த நேரத்தில் ஒரு வீடியோ அனுப்பினார். அமெரிக்காவில் பொரி ஒட்டிய மாதிரி சீலிங்கைச் சுரண்டுகிறவர்கள், முதலில் ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். "நம்ம வீட்டுலயும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்குமா அண்ணே?" நியாயமான கேள்வி. அங்கே 1950-களிலிருந்து 80-கள் வரை தெளித்த சீலிங் பூச்சுகளில் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருந்தது. தெளிக்கும் பூச்சில் அதைச் சேர்ப்பதை 1973-லும் 1978-லும் படிப்படியாகத் தடுத்தார்கள். பழைய வீடுகளில் இன்றும் அது இருக்கலாம். 2008-ல் உள்ளூர்க் கடையில் மூட்டையாக வாங்கிய பிஓபி வேறு ரகம். நம்மூரில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது கூரை ஷீட்டில். இந்த வீட்டிலும் இருந்தது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஹாலும் சாப்பாட்டு இடமும்

நடுவில் ஒரு பீம், இரண்டு பக்கமும் ஒரே ஹால். கசிவு இல்லை, துரு இல்லை. பிடிப்பு இல்லாத பூச்சு என்ற ஒரே குறை. பொள்ளல் எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று பென்சில் வட்டம் போடப் போனால், ஃபேனைச் சுற்றிய பாதி ஹால் உள்ளே வந்துவிட்டது. பாதியை ஒட்டுப்போடுவதைவிட முழுக்க இறக்குவது மலிவு. இறக்கியதும் சாப்பாட்டுப் பக்கம் வார்ப்பின் நடுவில் ஒன்றரை அங்குலம் வயிறு தொங்கியது தெரிந்தது. நூல் பிடித்து அளந்தோம். வெடிப்பு ஏதும் இல்லை, மேலே தரையிலும் சரிவு இல்லை. வார்த்த அன்றே ஷட்டரிங் இறங்கியிருக்கிறது, அதற்குப் பிறகு நகரவில்லை.

அந்தப் பக்கம்தான் ஜிப்சம் போர்டுக்குச் சரியான இடம். ஒன்றரை அங்குலத்தைப் பூச்சால் நிரப்பினால் கனமும் ஏறும், மறுபடி விழும். தரையிலிருந்து வார்ப்பு பத்தடி. ஐந்து அங்குலம் இறக்கினாலும் ஒன்பதரை அடிக்கு மேல் நிற்கும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வசிக்கும் அறைக்குக் கேட்கும் 2.75 மீட்டர், அதாவது ஒன்பது அடி, அதற்குள் அடங்குகிறது. ஒன்பதரை அடி வார்ப்பு உள்ள வீடுகளில் இந்த ஆசையை யோசித்துத்தான் செய்ய வேண்டும். துத்தநாகம் பூசிய இரும்புச் (ஜிஐ) சட்டத்தில் மேல் தாங்கு சேனல்கள் நான்கடிக்கு ஒன்று, போர்டைத் திருகும் செக்‌ஷன்கள் ஒன்றரை அடிக்கு ஒன்று. ஆணி வார்ப்புக்குள் பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு தொங்கலையும் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். ஃபேன் போர்டில் தொங்கக் கூடாது. வார்ப்பில் இருக்கும் கொக்கியிலிருந்தே நீளமான ராடு. ஓரத்தில் ஒன்றரை அடி அளவில், திறந்து பார்க்க ஒரு மூடி வைத்தோம். அழகைக் கெடுக்கிறது என்று மகனுக்கு இன்றும் அதில் குறைதான்.

ஹால் பக்கம் டீச்சருக்கு டெக்ஸ்சரே வேண்டும். "அவங்க ஆசப்பட்டுப் போட்டது மக்கா" என்றார், கணவரைச் சொல்லி. அதற்கு மேல் வாதாட என்ன இருக்கிறது. வார்ப்பைக் கொத்தி, கழுவி, ஒட்டுப் பால் அடித்து, 1:3 சிமெண்ட் கலவையில் ஆறு மில்லிமீட்டர் சீலிங் பூச்சு. ஒரு வாரம் நீராற்றி, முழுக்கக் காய்ந்ததும் பட்டி, பிரைமர், அதன்மேல் அக்ரிலிக் டெக்ஸ்சர்.

டெக்ஸ்சர் போடுவதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் கரண்டியால் பேஸ்ட்டை ஒரே கனத்தில் இழுத்துக்கொண்டு முன்னே போக, மற்றவர் பின்னாலேயே ரோலரை உருட்டிப் புள்ளி எழுப்பிக்கொண்டு வர வேண்டும். ஜன்னல் பக்கம் தொடங்கி, அறையின் அகலத்துக்கு இரண்டடிப் பட்டை பட்டையாக. முந்தைய பட்டையின் விளிம்பு காய்ந்துவிட்டால் சேர்ப்பு தழும்பாக நிற்கும், அதனால் ஃபேனும் கிடையாது, டீயும் கிடையாது, சுவர் முட்டும் வரை. ஏணியில் நின்று இது நடக்காது. இரண்டு முக்காலிக்கு நடுவே அகலப் பலகை போட்டு, நடந்துகொண்டே வேலை செய்யும்படி சாரம் கட்டினோம். புள்ளியின் உயரத்தையும் ஒன்றரை இரண்டு மில்லிமீட்டருக்குள் நிறுத்தினோம். பழையது மாதிரி முள்ளாக எழுப்பினால் ஒட்டடைக் குச்சியின் நார் எல்லாம் அதிலேயே மாட்டி நிற்கும்.

சமையலறைச் சாய்ப்பு

வேலை முடிகிற நேரத்தில் பெயிண்டரின் உதவியாள் பின்பக்கச் சமையலறைச் சாய்ப்பின் ஷீட்டைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்க்கத் தொடங்கியிருந்தார். பாசி போக்கி, மிச்சமிருக்கும் டெக்ஸ்சரை அதன் அடியில் அடித்துவிடலாம் என்று டீச்சரே சொல்லியிருக்கிறார். பொருள் வீணாகக் கூடாது என்ற கணக்கு. அது பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட். தேய்ப்பதும் துளைப்பதும் அறுப்பதும்தான் அதில் ஆபத்து, கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் கலக்கும். நிறுத்தச் சொல்லி, இடத்தை நனைத்து, தூசியை ஈரத்துணியால் துடைத்து எடுத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டோம். டெக்ஸ்சரும் அடிக்கவில்லை, போர்டு திருக வேண்டுமென்றால் துளைக்க வேண்டும், அதுவும் இல்லை. உடையாத ஷீட் என்பதால் அடியில் இரண்டு கோட் பெயிண்ட் மட்டும் மென்மையான ரோலரில் அடித்து விட்டோம். ஷீட்டை முழுசாக, உடைக்காமல் போல்ட்டைக் கழற்றி இறக்குவது தனி வேலை. மகன் அடுத்த லீவில் வரும்போது ஓடோ மெட்டல் ஷீட்டோ முடிவாகும்.

தென்மேற்கு மழை ஒன்று தாண்டியபின் போய்ப் பார்த்தபோது, கீழ்ப் படுக்கையறையில் கறை திரும்பவில்லை. மேற்கு அறையில் கம்பி வரிசை தெரியவில்லை. ஒரு மூலையில் மட்டும் முடி அளவு வெடிப்பு, அதற்கும் பென்சில் கோடும் தேதியும் போட்டு வைத்திருக்கிறோம். ஐப்பசி மழைக்குப் பிறகு அளந்து, வளர்ந்திருந்தால் அந்த மூலையை மறுபடி திறக்க வேண்டும்.